முதுகுக்குப் பின்னால் தண்ணீர்

தண்ணீரில் ஒரு பொருள் விழுந்தால் வட்டம் வட்டமாக அலை போகிறதே, அதில் கடைசி வட்டம் கரையைத் தொட்டு அடங்குகிற வரைக்கும் எப்போதாவது நின்று பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்த்ததில்லை. குடத்தை அமுக்கினோமா, தூக்கினோமா என்று வந்துவிடுகிற ஆள் நான். என் வீட்டுக்காரர் சோலையப்பனும் பார்த்ததில்லை. பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் இருதயராஜ்.

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு நீலப் பெட்டி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் மகள் பூவரசி அதை இறக்கச் சொல்லுவாள். மூடியைத் திறந்ததும் பழைய ரப்பர் வாசனை ஒன்று வரும். அது மூக்கில் பட்டால் போதும், என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருந்த ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் என் கண்முன்னால் வந்து நிற்கும். அந்த ஊரை நான் பார்த்தது கிடையாது. அங்கே நடந்ததெல்லாம் அவர் போனில் சொன்னதுதான். மீனின் அளவை மட்டும் நான் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

பூவரசி வயிற்றில் இருக்கும்போது அவர் விமானம் ஏறினார். அங்கே கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிற வேலை. பிள்ளை பிறந்தது, தவழ்ந்தது, நடந்தது, பேசியது எல்லாமே அவருக்கு உள்ளங்கை அகலத்தில்தான். லீவு நாளில் மத்தியானம் போன் வரும். நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போனைப் பிடிப்பேன்.

"பூவு, அப்பா பாரு. அப்பா சொல்லு."

அவள் என் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொள்வாள்.

"ஒரே ஒரு தடவை சொல்லு கண்ணு. இங்க பாரு. இங்க, இங்க."

அவள் மடியை விட்டு இறங்கி ஓடியே போவாள்.

"பிடிச்சுட்டு வா தனம்."

"ஆட்டுக்குட்டியாங்க, பிடிச்சுக் கட்டிப்போட?"

அவருக்குப் பின்னால் ஒரு மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

"தை மாசம் லீவு குடுப்பாங்க. ஒரு மாசம். நேர்ல வந்து நின்னா எங்கிட்ட வருவாளா?"

"வராம என்ன?"

"வரலைன்னா அடுத்த லீவுக்கு அவ பள்ளிக்கூடத்துல இருப்பா. அப்ப நான் யாரோ ஒரு ஆளு."

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு வைப்பேன்.

மனசு ஆறாமல்தான் அவர் தூண்டிலைப் பிடித்தார். அங்கே பெரிய நீர்த்தேக்கங்கள் இருக்கின்றனவாம். மீன் பிடிக்க என்று ஒதுக்கிய இடத்தில் மட்டும் பிடிக்கலாம். மண்புழு, உயிர்த்தவளை எதுவும் போடக்கூடாது. ரப்பரிலும் மரத்திலும் செய்த பொய் இரைதான். அந்தத் தண்ணீரில் பாஸ் என்று ஒரு மீன். மஞ்சள் உடம்பு, வாலில் மயிலிறகுக் கண் மாதிரி ஒரு பொட்டு. தண்ணீர்மேல் ஓடுகிற இரையைக் கண்டால் வெடி போட்டதுபோல எழும்பி வந்து அடிக்குமாம்.

இருதயராஜ் அவரோடு ஒரே அறையில் இருந்தவர். மணப்பாடு என்கிற கடலோர ஊர்க்காரர். என் வீட்டுக்காரரைவிட வயதில் சின்னவர், அதனால் குரு சிஷ்யனை 'அண்ணே' என்பார், சிஷ்யன் குருவை 'டேய் வாத்தியாரே' என்பார். அறையில் இருந்தவர்கள் இருதயராஜுக்கு ஞானி என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். எதைக் கேட்டாலும் நேராகப் பதில் சொல்லமாட்டாராம்.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு ரப்பர் தவளை. அதிலும் ஒரு காலை ஏதோ மீன் கடித்துக்கொண்டு போயிருந்தது. என் வீட்டுக்காரரிடம் அந்த நீலப் பெட்டி நிறைய இருந்தது, மீன்தான் இல்லை.

முதல் நாள் அவர் இரண்டு தூண்டில் நரம்புச் சுருளைக் கொண்டுபோய் வாத்தியார் முன்னால் வைத்தார்.

"எதைப் போடட்டும்? இது பின்னல் நரம்பு. இது கண்ணாடி மாதிரி. தண்ணிக்குள்ள மீன் கண்ணுக்கே தெரியாதாம். கடைக்காரர் சொன்னார்."

இருதயராஜ் டீ குடித்த கப்பில் தண்ணீர் மொண்டு வந்தார். இரண்டிலும் விரல் நீளம் வெட்டிப் போட்டு, விரலால் அமுக்கிவிட்டார். கண்ணாடி நரம்பு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. பின்னல் நரம்பு மேலே வந்து மிதந்தது.

"தவளை எங்கண்ணே நிக்கும்?"

"மேல."

"அதைப் பிடிச்சிருக்கிற நரம்பு?"

"கீழ போகுது."

"அப்ப மூக்கு?"

"மூக்கையும் சேத்து இழுக்கும்."

இருதயராஜ் தண்ணீரைக் கீழே ஊற்றினார்.

"கடைக்காரர் மீனோட கண்ணைப் பத்தி யோசிச்சிருக்கார். தவளையோட மூக்கைப் பத்தி யோசிக்கல."

அடுத்தது நிறம். பெட்டியில் பச்சை, மஞ்சள், சிவப்புப் புள்ளி, புலிக்கோடு என்று வகைவகையாகத் தவளை இருந்தது.

"டேய் வாத்தியாரே, எந்தக் கலர் போட்டா அடிக்கும்?"

"படுங்கண்ணே."

"எங்க?"

"இந்தப் புல்லுல. மல்லாக்கப் படுங்க."

அவர் படுத்தார். இருதயராஜ் வானத்துக்கு நேராக ஒவ்வொரு தவளையாக அவர் முகத்துக்கு மேலே பிடித்துக் காட்டினார்.

"இது என்ன கலரு?"

"கறுப்பு."

"இது?"

"கறுப்புதான்."

"இது?"

"எல்லாம் கறுப்பாத்தாண்டா தெரியுது. எறும்பு கடிக்குது, எந்திரிக்கவா?"

"நீங்க இப்ப மீனுண்ணே. மீன் எறும்பு கடிக்குதுன்னு சொல்லாது."

"அப்ப எதுக்குடா இத்தனை கலரு விக்கிறான்?"

"கடைக்கு வர்றது மீனா? மேல நிக்கிறவன்தான வாங்குறான்."

இதைச் சொல்லும்போது அவர் போனிலேயே சிரித்தார். நானும் சிரித்தேன். புடவைக் கடையில் ஜரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போதெல்லாம் இப்போதும் எனக்கு அந்த எறும்பு ஞாபகம்தான்.

தூண்டில் கம்பை மட்டும் இருதயராஜ் குறை சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் எடுத்திருந்தது தடிக்கம்பு. தவளை நிற்கிற இடமெல்லாம் தாமரை இலையும் கோரையுமாக இருக்கும், மீன் மாட்டினால் உள்ளே இழுத்துக்கொண்டு போய்ச் சுற்றிவிடும், அதனால் அதுதான் சரி என்றாராம். சாரம் கட்டுகிற கைக்கு அது ஒன்றாவது தெரிந்ததே என்று இவருக்கு ஒரு வாரம் பெருமை.

பொருள் எல்லாம் சரியாகிவிட்டது. மீன் மட்டும் வரவில்லை.

அவர் தவளையை வீசுவார். 'தொப்' என்று விழும். விழுந்ததும் இழுக்க ஆரம்பிப்பார். இழு, ஆட்டு, இழு, ஆட்டு. அந்தக் கரையில் நின்ற எல்லோரும் அப்படித்தான் செய்தார்களாம்.

"ஏன்டா, என் தவளைக்கு என்ன குறைச்சல்?"

"இந்தத் தண்ணியில இருக்கிற மீனுக்கு ஞாயித்துக்கிழமை தெரியும்ணே."

"என்ன தெரியும்?"

"மத்த நாள்ல தவளை தவளையா இருக்கும். ஞாயித்துக்கிழமை மட்டும் எல்லாத் தவளையும் பஸ்ஸைப் பிடிக்கப் போற மாதிரி ஓடும்."

இருதயராஜ் தன் ஒற்றைக்கால் தவளையை வீசினார். அது இலையோரமாக விழுந்தது. அவர் கையை அசைக்கவில்லை. முதல் வட்டம் போனது, அடுத்தது போனது. என் வீட்டுக்காரர் பீடியைப் பற்றவைத்துப் பாதி இழுத்துவிட்டார். தண்ணீர் கண்ணாடியாக ஆன பிறகு இருதயராஜ் கம்பின் நுனியை ஒரே ஒரு தடவை, ஈ விரட்டுகிற மாதிரி அசைத்தார்.

தளக்.

அன்றைக்கு அவர் பிடித்த மீனை என் வீட்டுக்காரர் கையால் தொடப் போனார்.

"முதல்ல கையை நனைங்கண்ணே. காஞ்ச கையால தொட்டா அதுக்குச் சுடும்."

தவளையை அப்படி நிறுத்தி வைக்க இவரும் பழகினார். பழகின பிறகு மீன் இவருடைய தவளையையும் அடித்தது. ஆனால் தண்ணீர் வெடிக்கிறதைப் பார்த்ததும் இவர் கை தானாக இழுத்துவிடும். மீன் வாயில் இருந்து தவளை பிடுங்கிக்கொண்டு பறந்து வரும். ஒரு தடவை வாத்தியார் தொப்பியிலேயே வந்து மாட்டியது.

இருதயராஜ் தொப்பியைக் கழற்றி, முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னார்: "மீன் வந்துச்சு. நீங்க வேண்டாம்னுட்டீங்க."

"நான் எங்கடா வேண்டாம்னேன்?"

"சாப்பிட வாயைத் திறக்குது. தட்டைப் பிடுங்கிட்டீங்க."

"கண்ணு முன்னால வந்து அடிக்குதுடா. கை நிக்குமா? எத்தனை நாளா காத்துக் கெடக்கேன்."

"காத்துக் கெடந்தது நீங்க. அதுக்கு என்ன தெரியும்?"

இவருக்குக் கோபம் வந்துவிட்டது. அன்று போனில் என்னிடம், "அவன் பெரிய இவன்" என்றார். அன்றும் பூவரசி ஓடிப்போனாள். அன்றும், "பிடிச்சுட்டு வா தனம்" என்றார்.

அடுத்த ஞாயிறு ஒரு வெடி, ஒரு பிடுங்கல். அதற்கடுத்த ஞாயிறும் அதேதான்.

"வாத்தியாரே, தோத்துட்டேன். என் கையை என்ன பண்றது, சொல்லு."

இருதயராஜ் அவர் தவளையை வாங்கி இலையோரமாக வீசினார். கம்பைத் திருப்பி அவர் கையில் கொடுத்தார்.

"திரும்பி உக்காருங்க."

"எதுக்கு?"

"தண்ணிக்கு முதுகைக் காட்டி உக்காருங்க. கம்பைத் தோள்மேல சாச்சுக்கங்க. நரம்பு ரெண்டு விரலுக்கு நடுவுல இருக்கட்டும்."

"மீன் வந்தா எப்படித் தெரியும்?"

இருதயராஜ் பொட்டலத்தைப் பிரித்துக் கடலை தின்ன ஆரம்பித்தார்.

இவர் பாதையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். காலையில் நடக்கப் போனவர்கள் இவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்கள். ஒரு சீனப் பெரியவர் நின்று, தண்ணீர் அந்தப் பக்கம் இருக்கிறது என்று கையைக் காட்டிவிட்டுப் போனார்.

"மானம் போகுதுடா."

"போகட்டும்ணே. மானத்தைப் பாத்து எந்திரிச்சு நின்னா மீனுக்கு நிழல் தெரியும்."

கொஞ்ச நேரம் கழித்து இவர் கம்பை லேசாக அசைத்தார். பிறகு சும்மா இருந்தார்.

தளக்.

தோள் குலுங்கியது. ஆனால் எங்கே வந்தது, எப்படி வந்தது ஒன்றும் தெரியவில்லை. எதைப் பார்த்து இழுப்பது? விரலுக்கு நடுவில் நரம்பு சும்மாதான் கிடந்தது.

"போயிருச்சா?"

இருதயராஜ் கடலை தின்றுகொண்டிருந்தார்.

"டேய், போயிருச்சான்னு கேக்கறேன்."

"தவளை அங்கதான இருக்கு."

இவர் காத்திருந்தார். அப்போதுதான் முதல்தடவையாகத் தண்ணீர் அடங்குகிற சத்தத்தைக் கேட்டேன் என்பார். அதற்குச் சத்தம் ஏது என்று நான் கேட்டால், "இருக்கு தனம், நீயும் ஒரு நாள் கேப்ப" என்பார்.

மறுபடியும் ஒரு 'தளக்'. இந்தத் தடவை நரம்பு விரலுக்கு நடுவில் மெல்ல நகர்ந்தது. நகர்ந்து நகர்ந்து, ஈரத்துணி மாதிரி கனத்தது. கை தானாக எழுந்தது.

மீனை நனைந்த கையால் பிடித்து, முள்ளைக் கழற்றி, தண்ணீருக்குள் வைத்து விட்டார். அது உடனே ஓடவில்லையாம். உள்ளங்கைமேலேயே கொஞ்சம் நின்றுவிட்டுப் போனதாம். அந்த ஞாயிறு போன் பேசும்போது அவர், "அப்பா சொல்லு" என்று கேட்க மறந்துபோனார்.

தை பிறந்தது. லீவும் கிடைத்தது. கிளம்புகிற அன்று இருதயராஜ் ஒற்றைக்கால் தவளையை எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டார்.

"பிள்ளைக்குக் குடுங்க. முள்ளை வெட்டிருங்க."

"இதை விட்டா உனக்கு வேற கிடையாதேடா."

"உங்க பெட்டியில இருந்து ஒண்ணு எடுத்துக்கறேன்."

"எந்தக் கலரு?"

"நீங்க படுத்துப் பாத்துச் சொல்லுங்க."

நீலப் பெட்டியும் தூண்டில் கம்புமாக வீட்டுக்கு வந்து இறங்கினார். வாசலில் நின்று, "பூவு" என்று இரண்டு கையையும் நீட்டினார். அவள் அலறின அலறலில் பக்கத்து வீட்டுக் கோழி எல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் போனது.

மறுநாள் பேசும் பொம்மை. அதற்கு மறுநாள் சாக்லேட் டப்பா. அவள் சாக்லேட்டை மட்டும் என் கையால் வாங்கித் தின்றாள். அவர் சைக்கிள் வாங்கி வந்து மணி அடித்துக் காட்டினார். பாட்டுப் போட்டு ஆடியும் காட்டினார். அவர் ஆடினதைப் பார்த்து நான்தான் சிரித்தேன். அவர் எந்த அறையில் இருந்தாலும் பிள்ளை அடுத்த அறையில் இருந்தாள். அவர் சாப்பிட உட்கார்ந்தால் கதவுக்குப் பின்னால் ஒரு கண் மட்டும் தெரியும். அவர் அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டால் போச்சு, அதுவும் மறைந்துவிடும்.

லீவு கரைந்துகொண்டே வந்தது. திரும்பிப் போகிற டிக்கெட்டை எடுத்து அவர் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தார். கண்ணில் படக்கூடாதாம்.

ஒரு மத்தியானம் முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து இருதயராஜுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். நான் குழாயடியில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். பிள்ளை என் முதுகை ஒட்டி நின்றாள்.

"வாத்தியாரே, முடியலடா. கிட்டயே வரமாட்டேங்கிறா."

"என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்யல? பொம்மை, சைக்கிள், சாக்லேட்டு. ஆடிக்கூடக் காமிச்சேன்."

"ஆடுனீங்களா?"

"சிரிக்காத. இன்னும் நாலஞ்சு நாள்ல கிளம்பணும். இப்படியே போயிட்டா நான் அங்க வந்து எப்படிடா சாரத்துல ஏறுவேன்?"

போனில் கடலை கடிபடுகிற சத்தம் கேட்டது.

"அண்ணே, இப்ப எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்கீங்க?"

"எந்தப் பக்கம்னா? அவளைப் பாத்துத்தான்."

"சரிண்ணே. எனக்கு வேலைக்கு நேரமாச்சு."

வைத்துவிட்டார்.

இவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து உள்ளே போனார். நீலப் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது, இடுக்கி நறுக்குகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது கையில் தடிக்கம்பு, அதன் நுனியில் முள் இல்லாத ஒற்றைக்கால் தவளை.

"பிள்ளையைப் பிடிக்கத் தூண்டிலாங்க?" என்றேன்.

அவர் குழாயடிச் சிமெண்டுத் தொட்டியில் தவளையை விட்டார். கட்டிலைத் திருப்பிப் போட்டார். தொட்டிக்கும் எங்களுக்கும் முதுகைக் காட்டி, வேலியைப் பார்த்து உட்கார்ந்தார். கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

நான் மொச்சையை உரித்தேன்.

தொட்டியில் வட்டங்கள் போய்ப் போய் அடங்கின. தவளை சும்மா மிதந்தது. என் முதுகில் ஒட்டியிருந்த சூடு கொஞ்சம் விலகியது.

"அது செத்துப்போச்சா?" என்றாள் பூவரசி, என் காதில்.

"தெரியலையே."

கம்பு லேசாக அசைந்தது. தவளை மூக்கை ஆட்டியது. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். தவளை நின்றுவிட்டது. அவள் கையை விட்டாள்.

ஒரு எட்டு. இன்னொரு எட்டு. தொட்டி விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையால் தண்ணீரில் ஓங்கி ஒரு அடி.

தளக்.

அடித்துவிட்டு ஓடிவந்து எனக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். நான் அவர் முதுகைப் பார்த்தேன். தோள் ஒரு தடவை குலுங்கியது. அவர் திரும்பவில்லை. வேலியில் உட்கார்ந்திருந்த ஓணானைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். கம்பைப் பிடித்திருந்த கைவிரல் மட்டும் வெளுத்துப்போயிருந்தது.

தண்ணீர் அடங்கியது. தவளை அங்கேயே இருந்தது.

அவள் மறுபடியும் போனாள். இந்தத் தடவை அடிக்கவில்லை. இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டுத் தவளையை எடுத்தாள், நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நரம்பு இழுபட்டது. அவர் விரலைத் தளர்த்தினார். ரீல் 'கிர்ர்' என்று ஓடியது. அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்துவிட்டது. நாலு எட்டு நடந்தாள். கிர்ர். நின்றாள், சத்தமும் நின்றது. முருங்கை மரத்தைச் சுற்றினாள், துணிக்கொடிக்கு அடியில் நுழைந்தாள், அம்மிக்கல்லைச் சுற்றி வந்தாள். முற்றம் முழுக்க நரம்பு. அவர் விட்டுக்கொண்டே இருந்தார்.

கடைசியில் கட்டிலைச் சுற்றிக்கொண்டு அவருக்கு முன்னால் போய் நின்றாள். நனைந்த கையை அவர் முழங்கால்மேல் வைத்து, முகத்தை அண்ணாந்து பார்த்தாள். என் மடியில் இருந்த மொச்சை எல்லாம் தரையில் உருண்டு கிடந்தது. எப்போது எழுந்து நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவள் தவளையை அவர் மடியில் வைத்தாள். பிறகு மனசு மாறி அதைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"அப்பா, நீ அந்தப் பக்கமே பாரு. நான் மறுக்கா வர்றேன்."